மோர்ட்கேஜோடு சேர்த்து விற்ற காப்புறுதி: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

11 மார்ச் 2018, கேள்வி

2002இல் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கினோம். என் கணவர் அப்போது ஒஃப்லைசன்ஸ், அதாவது மதுபானக் கடை நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இல்லை. வங்கியில் மோர்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, கையெழுத்து வைக்கிற அன்று மாதம் 38 பவுண் காப்புறுதி ஒன்றையும் சேர்த்தார்கள். இது இருந்தால் கடன் சுலபமாகப் பாஸ் ஆகும் என்று அங்கிருந்தவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2011இல் வேறு வங்கிக்கு மாறும்வரை விடாமல் கட்டினோம். ஒரு தடவைகூட கிளெய்ம் பண்ணவில்லை. கடிதங்கள் எல்லாம் வீடு திருத்தும்போது தொலைந்துவிட்டன. இப்போது ரீவி விளம்பரத்தில் நடிகர் ஆர்னல்ட் ஷ்வார்ஸ்நெக்கரின் தலை வந்து பிபிஐ, பிபிஐ என்று கத்துகிறது. எங்களுக்கும் ஏதும் கிடைக்குமா? இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கேட்டால் பிரச்சினை வருமா? மகன் வேண்டாம் அம்மா, விடுங்கள் என்கிறான்.

11 மார்ச் 2018, இரவு, பதில்

விட வேண்டாம் அக்கா. கேளுங்கள்.

நீங்கள் சொல்வது மோர்ட்கேஜ் பேமென்ட் புரொடெக்ஷன், அதாவது எம்பிபிஐ. நோய், விபத்து, வேலை இழப்பு வந்தால் மாதத் தவணையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கட்டும். பெரும்பாலும் 12 மாதம். ரீவியில் சொல்கிற பிபிஐ, அதாவது கடன் தவணைக்கான காப்புறுதி, அதற்குள் இதுவும் அடங்கும். பிழையாக விற்றிருந்தால் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாம். கடனட்டை, கார் கடன் காப்புறுதி மட்டும்தான் பிபிஐ என்று எங்கள் ஆட்களில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முறைப்பாடு செய்யக் கடைசி நாள் 2019 ஓகஸ்ட் 29. அன்றைக்குள் முறைப்பாடு வங்கியின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். நீங்கள் தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது.

பயப்பட ஒன்றுமில்லை. முறைப்பாடு செய்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒன்றும் பதியாது. இப்போதைய மோர்ட்கேஜை யாரும் தொட முடியாது. 2011 ஏப்ரலில் பிரித்தானிய வங்கிகளின் சங்கம், பிபிஐ முறைப்பாடுகளை வங்கிகள் எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றது. மே மாதம், மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று விட்டுவிட்டார்கள். அதே மாதம் லொய்ட்ஸ் வங்கி மட்டும் 3.2 பில்லியன் பவுணை இதற்கென்று ஒதுக்கியது. அவர்களே ஒதுக்கிவைத்த காசை நீங்கள் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

13 மார்ச் 2018

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

"ஒரு தடவைகூட கிளெய்ம் பண்ணவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முறைப்பாட்டில் அந்த வசனத்தில் தொடங்காதீர்கள். காப்புறுதியைப் பாவிக்கவில்லை என்பது காசு திரும்பக் கேட்கக் காரணம் ஆகாது. விற்ற அன்று அந்த மேசையில் என்ன நடந்தது என்பதுதான் முறைப்பாடு. கட்டாயம் என்றோ, எடுத்தால் கடன் சுலபம் என்றோ சொன்னார்களா? வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது என்று சொன்னார்களா? மாதம் எவ்வளவு, எத்தனை வருடம், எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று விளக்கினார்களா? உங்கள் அன்றைய தொழிலையும் உடல்நிலையையும் பற்றி விசாரித்தார்களா?

என்னுடைய கதையைச் சொல்கிறேன். 1999இல் ஹரோவில் மோர்ட்கேஜ் எடுத்தபோது எனக்கும் இதை விற்றார்கள். நான் கவுன்சிலில் நிரந்தர வேலையில் இருந்தேன். ஐந்து வருட சேவைக்குப் பிறகு நோய் வந்தால் ஆறு மாதம் முழுச் சம்பளம், அடுத்த ஆறு மாதம் அரைச் சம்பளம். விற்றவர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார், சம்பளத்தை எழுதினார், காப்புறுதிக்கு எதிரே ஏற்கெனவே புள்ளடி போட்டிருந்த படிவத்தைத் தள்ளினார். 2012இல் முறைப்பாடு செய்தேன். "உங்களுக்குத் துண்டுப்பிரசுரம் தந்தோம், நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்" என்று வங்கி மறுத்தது. வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போனேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டது என் வேலை ஒப்பந்தத்தைத்தான். சுகவீன விடுப்புச் சம்பளம் எழுதியிருந்த அந்த ஒரு பக்கம், நான் எழுதிய மீதி எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது. முடிவு எனக்குச் சாதகமாக வந்தது.

ஆகவே கோபத்தை எழுதுவதைவிட விபரத்தை எழுதுங்கள். கடை எந்த வருடம் தொடங்கியது, யார் பெயரில் இருந்தது, கணக்காளர் யார், இவருக்கு அப்போது சீனி வியாதி, பிரஷர் ஏதும் இருந்ததா, வங்கிக் கிளை எந்த வீதியில், எத்தனை பேர் அறையில் இருந்தீர்கள், எல்லாவற்றையும்.

14 மார்ச் 2018

கீழே ஒருவர், சொந்தத் தொழில் என்றால் கட்டாயம் வெற்றி என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. சொந்தத் தொழில்காரருக்கும் காப்பு இருப்பதாகச் சொல்லும் ஒப்பந்தங்கள் நிறைய இருந்தன. சிக்கல் நிபந்தனையில்தான். "வேலை இழப்பு" என்று கிளெய்ம் பண்ண வேண்டுமானால் தொழிலை அடியோடு மூடி, வரி அலுவலகத்துக்கும் அறிவித்துக் காட்ட வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது, வாடகைகூடக் கட்ட முடியவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கடை வைத்திருப்பவர் யார் அப்படி ஒரே நாளில் மூடுவார்? சாமானைத் தள்ளி, அண்ணனிடம் மாறி, நாலு மாதம் பார்ப்போம் என்றுதான் இருப்பார். அந்த நிபந்தனையை விற்கும்போது சொல்லவில்லை என்பதுதான் உங்கள் வாதம். "சொந்தத் தொழில்" என்று இரண்டு சொல் எழுதினால் போதாது.

25 மார்ச் 2018

கடிதங்கள் தொலைந்ததைப் பற்றி. இது முறைப்பாட்டைத் தடுக்காது.

வங்கிக்கே எழுதி, "எனக்கு பிபிஐ இருந்ததா?" என்று கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. பழைய முகவரி, பிறந்த தேதி, இருவரின் முழுப் பெயர் கொடுத்தால் தேடுவார்கள். எங்கள் பெயர்களில் ஒரு தொல்லை இருக்கிறது. தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று தெரியாமல் ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பதிந்திருப்பார்கள். எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். என்னென்ன விதமாக எழுதப்பட்டிருக்கலாமோ அத்தனையையும் கொடுத்துவிடுங்கள். "பதிவு இல்லை" என்று பதில் வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம்.

தாளில் எம்பிபிஐ என்றே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். மோர்ட்கேஜ் கவர், லோன் புரொடெக்ஷன், பேமென்ட் கவர், ஏஎஸ்யூ என்று பல பெயர்கள் உண்டு. ஏஎஸ்யூ என்றால் விபத்து, சுகவீனம், வேலை இழப்பு. ஆனால் ஆயுள் காப்புறுதி, வீட்டுக் கட்டடக் காப்புறுதி இரண்டும் வேறு. கட்டடக் காப்புறுதி இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. அதையும் இதையும் குழப்பி முறைப்பாடு எழுதினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

வருடாந்த மோர்ட்கேஜ் அறிக்கை ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். கட்டுப்பணம் தனி வரியாக இருக்கும். பழைய வங்கிப் புத்தகம், கணக்காளரிடம் கொடுத்த கோப்பு, எங்காவது ஒரு மூலையில் அந்த 38 பவுண் கிடக்கும்.

8 ஏப்ரல் 2018

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இந்தக் காப்புறுதியே முழு ஏமாற்றா?

இல்லை. அப்படிச் சொல்வது நியாயமாக இருக்காது. இது ஏன் வந்தது என்று பார்த்தால் விளங்கும். முன்பு வேலை போனால் இன்கம் சப்போர்ட் என்ற அரச உதவிப்பணத்தோடு மோர்ட்கேஜ் வட்டிக்கும் அரசு உதவியது. 1995 ஒக்டோபரில் விதியை இறுக்கினார்கள். அதற்குப் பிறகு கடன் எடுத்தவர்கள் அந்த உதவிக்கு 39 கிழமை காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் தவணை கட்டாமல் யார் வீட்டில் இருக்க முடியும்? அந்த இடைவெளியைத் தனியார் காப்புறுதியால் நிரப்பச் சொன்னார்கள். இடையில், 2009இல், காத்திருப்பை 13 கிழமையாகக் குறைத்தார்கள். 2016இல் திரும்பவும் 39 ஆக்கினார்கள். இந்தக் கிழமை அதுவும் மாறிவிட்டது. ஏப்ரல் 6 முதல் அந்த உதவி, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

ஆகவே தேவை உண்மையானது. எனக்குத் தெரிந்த ஒருவர் 2009இல் தொழிற்சாலை மூடி வேலை இழந்தபோது இதே மாதிரிக் காப்புறுதிதான் அவர் வீட்டைக் காப்பாற்றியது. அவர் முழுநேரத் தொழிலாளி, ஒப்பந்தம் அவருக்குப் பொருந்தியது. பொருந்தாதவருக்கு அதையே விற்றதும், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை மறைத்ததும்தான் தவறு.

இதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்னமும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். முறைப்பாடு வென்றால் காப்புறுதியும் அதோடு போய்விடும். வேலை ஆட்டம் காண்கிறது, உடம்பும் முன்னைப்போல் இல்லை என்றால் முதலில் உட்கார்ந்து யோசியுங்கள்.

22 ஏப்ரல் 2018

அக்கா தனிச்செய்தியில் எழுதியதை அவரின் அனுமதியோடு இங்கே போடுகிறேன். வங்கியில் அன்று மொழிபெயர்த்தது அவருடைய மகன். வயது 14. வேண்டாம் அம்மா என்று இப்போது சொல்கிற அதே மகன்.

வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். எங்களில் எத்தனை வீட்டில் இது நடந்தது. ஜிபி டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்கு, வங்கியில், எல்லாவற்றுக்கும் பிள்ளைதான் வாய். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு "டிஃபர்மென்ட் பீரியட்", "ப்ரீ எக்ஸிஸ்டிங் கண்டிஷன்" என்ன தெரியும்? அவனுக்குத் தெரிந்தது, அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நல்லது என்கிறார், அப்பாவுக்குக் கடைக்குப் போக நேரமாகிறது. நல்லதாம் அப்பா என்று சொல்லியிருப்பான். அப்பா கையெழுத்து வைத்திருப்பார்.

அந்தப் பையன் இப்போது 30 வயது ஆள். வேண்டாம் என்கிறானே, அது வங்கிக்குப் பயந்து இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தன்னால்தான் அம்மா அப்பா இத்தனை வருடம் காசு கட்டினார்கள் என்று உள்ளுக்குள் வைத்திருக்கிறானோ தெரியாது. தம்பி, நீங்கள் இதை வாசித்தால், தயவுசெய்து கேளுங்கள். அதில் உங்கள் பிழை ஒரு துளியும் இல்லை. விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டியது விற்றவரின் பொறுப்பு. வாங்குகிறவருக்கு ஆங்கிலம் வராது, நடுவில் நிற்பது ஒரு சிறுவன் என்று கண்முன்னே தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை.

முறைப்பாட்டுக்கும் இதுதான் பலம். ஆங்கிலம் தெரியாது என்பது மட்டும் போதாது, நிறையப் பேர் தெரியாமலே சரியான காப்புறுதி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் விலக்குகளை விளக்கவில்லை, விளக்கியிருந்தாலும் விளங்கியிருக்க முடியாது, அதற்கு அறையில் இருந்த ஒருவரே சாட்சி என்றால் அது வேறு. மகன் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதட்டும். எத்தனை வயது, என்ன வகுப்பு, என்ன கேட்டது, என்ன சொன்னான், நினைவில்லாத இடத்தில் நினைவில்லை. கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். 16 வருடத்துக்குப் பிறகு எல்லாம் அச்சொட்டாக நினைவிருக்கிறது என்றால்தான் சந்தேகம் வரும்.

ஒம்புட்ஸ்மன் சேவையிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இந்த முறை பிள்ளையை அனுப்பத் தேவையில்லை.

27 மே 2018

மார்ச்சில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கி உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியைக் கேட்க இதுவரை 10 பவுண் வாங்கினார்கள், 40 நாள் அவகாசமும் இருந்தது. நேற்று முன்தினம், மே 25, ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்குவெஸ்ட்" என்று கடிதத்தின் தலையில் எழுதிவிடுங்கள்.

அக்காவுக்கு வங்கி பதில் போட்டிருக்கிறது. காப்புறுதி இருந்தது உறுதி. 2002 ஜூனில் இருந்து 2011 மே வரை, மாதம் 38 பவுண். நினைவு துல்லியம்.

முறைப்பாட்டுக்கு ஒம்புட்ஸ்மனின் கேள்விப் படிவத்தையே நிரப்பி வங்கிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வங்கிகள் எல்லாமே அதை ஏற்கின்றன, தேவையான கேள்விகள் அதில் ஒழுங்காக இருக்கின்றன. மோர்ட்கேஜ் இருவர் பெயரிலும் என்றால் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிரதி எடுத்துவைத்து, பதிவுத் தபாலில்.

12 ஜூலை 2018

தொலைபேசியில் தொல்லை கொடுக்கும் கிளெய்ம் கம்பனிகள் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஜூலை 10 முதல் சட்டம் மாறிவிட்டது. கிடைக்கும் காசில் 20 சதவீதத்துக்கு மேல் அவர்கள் எடுக்க முடியாது, வாட் வரி தனி. முன்பு 30 சதவீதம், அதற்கு மேலும் வாங்கியவர்கள் உண்டு.

20 என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 பவுண் கிடைத்தால் 1,000, வாட் 200. மொத்தம் 1,200. எதற்கு? நீங்கள் சொல்கிற பதில்களை அதே படிவத்தில் எழுதுவதற்கு. ஒம்புட்ஸ்மன் இலவசம், வங்கிக்கு எழுதுவதும் இலவசம்.

இவர்களிடம் யாருமே போகக் கூடாது என்றுதான் முன்பு நினைத்தேன். இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன். தனியாக இருக்கும் வயதானவர், கடிதத்தைக் கண்டாலே கை நடுங்கும், உதவ ஒருவரும் இல்லை என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் அதற்கு முன் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் போங்கள். 2005இல் இந்த விவகாரத்தை முதலில் அதிகாரபூர்வமாகக் கிளப்பிய அமைப்பே அதுதான்.

5 ஓகஸ்ட் 2018

வங்கி மறுத்துவிட்டது. எட்டுக் கிழமைக்குள் பதில் தர வேண்டும், தந்துவிட்டார்கள். "அறிவுரை எதுவும் வழங்கவில்லை, தகவல் மட்டுமே வழங்கினோம், விருப்பத் தேர்வு என்று படிவத்தில் அச்சிடப்பட்டிருந்தது." எனக்கு 2012இல் வந்த கடிதத்தின் தம்பி இது.

அக்கா மனம் உடைந்துபோய் எழுதியிருக்கிறார். உடைய வேண்டாம். இது "இறுதிப் பதில்", இதன் தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மறுப்பை அப்படியே நம்பிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்துக்காகவே 2015இல், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. லொய்ட்ஸுக்கு 117 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. நியாயமான முறைப்பாடுகளும் அங்கே தள்ளப்பட்டிருந்தன. ஆகவே வங்கி இல்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது.

6 ஓகஸ்ட் 2018

பிளெவின் தீர்ப்பை வைத்துக் கேட்கலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நல்ல கேள்வி, ஆனால் இங்கே பொருந்தாது.

பிளெவின் என்ற விதவைப் பெண் 2006இல் 34,000 பவுண் கடன் எடுத்தார். காப்புறுதிக்கு 5,780 பவுண் ஒரே தொகையாகக் கடனில் சேர்த்தார்கள். அதில் 71.8 சதவீதம் கமிஷனாகப் போனது, அவருக்குச் சொல்லவே இல்லை. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது கடன் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையே நியாயமற்ற உறவு என்று சொன்னது. அதன் பிறகு எஃப்.சி.ஏ. 50 சதவீதத்துக்கு மேற்பட்ட கமிஷனைத் திருப்பித் தர விதி செய்தது. விற்பனை சரியாக நடந்திருந்தாலும் அந்தப் பகுதி கிடைக்கும்.

ஆனால் அந்த விதி நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவில் நிற்கிறது. வீடு வாங்க எடுக்கும் முதல் மோர்ட்கேஜ்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே. 2008 ஏப்ரல் 6க்கு முன்பே முடிந்துவிட்ட கடன்களும் வெளியே. வீட்டின் மேல் இரண்டாவதாக எடுத்த கடன், தனிநபர் கடன், கடனட்டை என்றால் கட்டாயம் கேளுங்கள். அக்காவுக்கு, விற்ற விதம் பிழை என்ற வாதம்தான்.

19 ஜனவரி 2019

ஒம்புட்ஸ்மனில் இன்னும் வரிசையில் இருக்கிறது. பொறுமை வேண்டும். இடையில் அவர்கள் மகனோடு தொலைபேசியில் கதைத்திருக்கிறார்கள். "அவர் என்னைக் குற்றவாளி மாதிரிக் கேட்கவில்லை, நிதானமாகக் கேட்டார்" என்று மகனே எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் சந்தோஷம்.

புரோக்கர் மூலம் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புறுதியை விற்றது வங்கியா புரோக்கரா என்று முதலில் கண்டுபிடியுங்கள், முறைப்பாடு விற்றவருக்கு எதிராகத்தான். காப்புறுதித் தரகர்கள் அரசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 2005 ஜனவரி 14இல்தான். அதற்கு முன் தனிப் புரோக்கர் விற்றிருந்தால் ஒம்புட்ஸ்மன் எடுப்பது கடினம். அதன் பிறகு விற்று, இப்போது கம்பனியே இல்லை என்றால் எஃப்.எஸ்.சி.எஸ். என்ற நட்டஈட்டுத் திட்டத்திடம் போகலாம்.

14 ஏப்ரல் 2019

அக்கா வென்றுவிட்டார்.

கடையை அடியோடு மூடினால்தான் கிளெய்ம் என்ற நிபந்தனையை விளக்கியதற்கு வங்கியிடம் ஒரு ஆதாரமும் இல்லை, விளக்கியிருந்தால் இவர்கள் வாங்கியிருக்கமாட்டார்கள் என்று ஒம்புட்ஸ்மன் தரப்பில் முடிவு. மகன் எழுதிய அந்தப் பக்கத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். வங்கி ஏற்றுக்கொண்டது.

கணக்கு எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு: 108 மாதம், 38 பவுண், ஆக 4,104. ஒவ்வொரு கட்டுப்பணத்துக்கும் அது கட்டிய நாளில் இருந்து காசு கைக்கு வரும் நாள்வரை வருடம் 8 சதவீதத் தனிவட்டி. முதல் மாதக் காசுக்கு கிட்டத்தட்ட 17 வருட வட்டி, கடைசி மாதத்துக்கு 8 வருடம். கூட்டினால் வட்டி 4,060 அளவில், கட்டிய காசுக்குச் சமமாக. வட்டியில் 20 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மொத்தம் கையில் 7,300க்குச் சற்று மேல். வங்கி அனுப்பும் கணக்கைக் கட்டாயம் சரிபாருங்கள். கட்டுப்பணம் இடையில் கூடியிருந்தால் அதைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். அதே கடனில் நிலுவை இருந்தால் அதற்குக் கழித்துக்கொள்ளலாம், மற்றப்படி காசு உங்களுடையது.

2 ஜூன் 2019

அந்தப் பிடித்த வரியைப் பற்றி. கட்டிய காசு திரும்பி வருவதற்கு வரி இல்லை, வட்டிக்கு மட்டும்தான். 2016 ஏப்ரலில் இருந்து சாதாரண வரிகட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண் வட்டிவரை வரி கிடையாது. வருமானம் குறைந்தவருக்கு இன்னும் 5,000 வரை சலுகை உண்டு. வரி அலுவலகத்தின் ஆர்40 படிவத்தை நிரப்பினால் பிடித்ததில் ஒரு பகுதி, சிலருக்கு முழுவதும், திரும்பி வரும். வட்டி கைக்கு வந்த வரி வருடம்தான் கணக்கு. நான்கு வருடம் பின்னுக்கும் கேட்கலாம். இரண்டு பேர் பெயரில் மோர்ட்கேஜ் என்றால் வட்டியையும் இருவருக்கும் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு படிவம். வங்கியின் வரிச் சான்றிதழைத் தொலைக்க வேண்டாம்.

27 ஓகஸ்ட் 2019

இன்னும் இரண்டு நாள். தபாலை நம்ப வேண்டாம், வங்கியின் இணையப் படிவத்திலோ தொலைபேசியிலோ செய்யுங்கள். விபரம் முழுக்க இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயர், பழைய முகவரி, எந்த வருடம், "எனக்கு மோர்ட்கேஜ் காப்புறுதி பிழையாக விற்கப்பட்டது" என்ற ஒரு வசனம், ஏன் என்று இரண்டு வரி. பதிவு எண்ணை எழுதிவைத்து, திரையைப் படம் பிடித்துவையுங்கள். இணையம் வராத பெற்றோர் இருந்தால் இன்றிரவே கூப்பிட்டுக் கேளுங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தாலும், அவருடைய சொத்தை நிர்வகிப்பவர் கேட்கலாம்.

8 செப்டெம்பர் 2019

தவறவிட்டவர்கள் எழுதுகிறீர்கள். முழுதாகக் கதவு மூடவில்லை, ஆனால் திறந்திருப்பது ஒடுக்கமாக. கடும் நோய் போன்ற விசேட காரணத்தால் முடியாமல் போயிருந்தால் அதைச் சான்றோடு எழுதுங்கள், கட்டாயம் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. காப்புறுதி இன்னும் நடைமுறையில் இருந்து, இனிமேல் நீங்கள் கிளெய்ம் பண்ணும்போது, நீங்கள் சொந்தத் தொழில், உங்களுக்கு முன்பே நோய் இருந்தது என்பது போன்ற விற்றபோதே இருந்த காரணத்துக்காக மறுத்தால், அப்போது முறைப்பாடு செய்யலாம்.

ஓகஸ்ட் 29க்கு முன் முறைப்பாடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கடைசி நேரத்தில் குவிந்ததால் எட்டுக் கிழமையைத் தாண்டும். தாண்டினால் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், எண் 0800 023 4567. மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதக் கணக்கு அதன் தேதியில் இருந்து ஓடத் தொடங்கும், கடித உறையையும் வைத்திருங்கள்.